பெர்மிட் இல்லாதவன் சம்பளமும் நம் சம்பளமும்



இந்த இதழின் பாடத்திற்கு எடுத்துக்கொண்டிருப்பது கொஞ்சம் சூடான விஷயம். கிளை வகுப்பில் விவாதத்திற்கு விட்டால் பத்து நிமிடத்தில் குரல் உயர்ந்துவிடும். "அவனுங்க வந்ததாலதான் நம்ம பசங்களுக்கு வேல இல்ல" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "நம்ம பசங்க அந்த வேலைக்குப் போகமாட்டாங்கண்ணே, அதான் அவங்க வர்றாங்க" என்று இன்னொருவர் மறுப்பார். இரண்டு பேரும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த இரண்டு வாக்கியத்தோடு வகுப்பு முடிந்துவிட்டால், எப்படி இந்த நிலைமை வந்தது என்ற கேள்வி அப்படியே நின்றுவிடும். அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் பெயர். அரசாங்கம் இவர்களை 'பாத்தி' என்று சுருக்கமாகச் சொல்கிறது. பெண்டாத்தாங் ஆசிங் தன்பா இசின் என்ற மலாய்ச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. அனுமதி இல்லாத அந்நிய வந்தேறி என்று பொருள். முதல் சொல்லைக் கவனித்தீர்களா? அரசியல் சூடேறும்போதெல்லாம் நம்மையும் சீனர்களையும் பார்த்து வீசப்படுகிற அதே 'பெண்டாத்தாங்'தான். அதேபோல 'பங்ளா', 'இந்தோன்' என்று நாம் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோமே, அது எதிரே நிற்கிறவன் காதில் எப்படி விழும் என்று தெரிய வேண்டுமானால், 'கெலிங்' என்ற சொல் நம் காதில் எப்படி விழுகிறது என்று யோசித்தால் போதும். சரி, பெயரை விடுவோம். ஆள் யார்?

சட்டவிரோதக் குடியேறி என்றதும் இரவோடு இரவாகப் படகில் வந்து சதுப்பு நிலத்தில் இறங்குகிறவர்தான் நம் மனக்கண்ணில் வருகிறார். அப்படியும் வருகிறார்கள். ஆனால் விமான நிலையத்தில் முத்திரை வாங்கிக்கொண்டு முறையாக உள்ளே வந்து, பிறகு 'சட்டவிரோதம்' ஆனவர்களும் ஏராளம். சுற்றுலாப் பயணியாக வந்து வேலையில் சேர்ந்துவிடுகிறவர் ஒரு ரகம். இன்னொரு ரகத்தைப் பற்றித்தான் நாம் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளியின் பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. முதலாளி அதைப் புதுப்பிக்காமல் விட்டால், அல்லது சம்பளம் தராததால் தொழிலாளி வெளியேறி வேறு இடத்தில் சேர்ந்தால், அந்த நிமிடமே அவர் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறார். ஊரில் ஏஜென்டுக்குக் கட்டுவதற்காக வாங்கிய கடன் மட்டும் அப்படியே இருக்கிறது.

2023 டிசம்பரில் ஜொகூர், பெங்கெராங்கில் நடந்ததை நினைவிருக்கிறதா? முறையான விசாவில் கொண்டுவரப்பட்ட வங்காளதேசத்துக்காரர்கள் 171 பேர், சொன்ன வேலை தரப்படவில்லை என்று புகார் கொடுக்கப் போலீஸ் நிலையத்தை நோக்கி நடந்து போனார்கள். போகிற வழியிலேயே அவர்கள் பிடித்து வைக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு தொழிலாளர் இலாகா முன் வந்த வழக்கில், 733 வங்காளதேசத் தொழிலாளர்களுக்கு ஒரு மில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல் சம்பள பாக்கி தர வேண்டும் என்று முடிவானது. ஆக, சட்டத்தை மீறியது யார் என்ற கேள்விக்கு 'வந்தவன்' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது.

(அகதிகள் விஷயம் வேறு. 1951-ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. அதனால் ஐ.நா. அட்டை வைத்திருக்கும் ரோஹிங்யாக்களும், நம் இலங்கைத் தமிழர்களும்கூட, குடிநுழைவுச் சட்டத்தின் பார்வையில் அனுமதியில்லாதவர்கள்தான். அதை இன்னொரு பாடத்தில் பார்க்கலாம்.)

இனி நம் கதைக்கு வருவோம். இந்த விவாதத்தில் மலேசியத் தமிழன் வெறும் பார்வையாளன் இல்லை. வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட மலிவான ஆளாகவும் இருந்திருக்கிறான். மலிவான ஆள் வந்ததால் வேலையை இழந்தவனாகவும் இருந்திருக்கிறான். இரண்டு பக்கத்தையும் அனுபவித்தவன் என்பதால் நாம் சொல்வதற்கு ஒரு தனி எடை உண்டு.

நம் தாத்தா பாட்டிகளுக்கு முந்தைய தலைமுறை ஒப்பந்தக் கூலியாக வந்தது. அந்த முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. பிறகு கங்காணி ஊருக்குப் போய் ஆள் கூட்டிவந்த காலம். 1930-களில் ரப்பர் விலை விழுந்தபோது ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறியதும் மறுபடி அழைத்தார்கள். 1938-இல் தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைத்தபோது, இந்தியாவில் இருந்த அரசாங்கம் தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதையே தடை செய்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. அதன் கோரிக்கைகளில் ஒன்று, சீனத் தொழிலாளிக்குத் தருகிற கூலியை எங்களுக்கும் கொடு என்பது. அதே வேலை, அதே தோட்டம், ஆளுக்கேற்ற கூலி! தலைமை தாங்கிய ஆர்.எச்.நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். மற்றவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. வாயைத் திறந்தால் கப்பலேற்றிவிடலாம் என்கிற நிலையில் இருந்த தொழிலாளி அன்று நாம்தான்.

சுதந்திரம் வந்த பிறகும் எல்லோருக்கும் குடியுரிமை கிடைத்துவிடவில்லை. பலரிடம் சிவப்பு அடையாளக் கார்டுதான் இருந்தது. 1969-இல், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற விதி கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. அந்தச் சமயத்தில் சுமார் 60,000 இந்தியர்கள் இந்த நாட்டைவிட்டுப் போனதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நேற்றுவரை பால் வெட்டியவர்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகளும் அவர்களோடு கப்பலேறினார்கள். உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "பெர்மிட் கெடைக்கல, போய்ட்டாங்க" என்று ஒரு உறவினர் கதை பல வீடுகளில் உண்டு.

அடுத்த பத்து ஆண்டுகளில் காட்சி மாறியது. தோட்டங்கள் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறின. ஆள் போதவில்லை என்று நிர்வாகங்கள் சொல்ல ஆரம்பித்தன. இந்தோனேசியாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலோர் காகிதம் எதுவும் இல்லாமல் வந்தவர்கள். 1984-இல் மேடான் ஒப்பந்தம் போட்டு ஆள் வரவை முறைப்படுத்தப் பார்த்தார்கள். ஆனாலும் கள்ளத்தனமாக வருவது நிற்கவில்லை.

இவர்களைத் தோட்டம் நேரடியாக வேலைக்கு வைக்கவில்லை. நடுவில் ஒரு குத்தகைக்காரர் இருந்தார். தோட்டத்துக் கணக்கில் அவர்கள் பெயரே கிடையாது. பெரட்டில் நிற்க மாட்டார்கள், சங்கத்தில் இல்லை, சேமநிதி இல்லை, மருத்துவ விடுப்பு இல்லை. டன்னுக்கு இவ்வளவு, ஏக்கருக்கு இவ்வளவு என்று குத்தகைக்காரர் தருவதுதான் கூலி. இப்போது லயத்து வீட்டில் இருந்த தமிழ்த் தொழிலாளியின் நிலைமையை யோசியுங்கள். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் சம்பள உயர்வு கேட்டு மாப்பாவிடம் பேசப் போகிறது. எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு அவசரமே இல்லை. 'உனக்குக் கட்டுபடியாகவில்லையென்றால் குத்தகைக்காரரிடம் ஆள் இருக்கிறது' என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவைகூட இல்லை. கூலி ஏறவில்லை. பிள்ளைகள் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போனார்கள். உடனே, "பாருங்கள், உள்ளூர்க்காரர்கள் தோட்ட வேலைக்கு வருவதில்லை" என்று சொல்லி இன்னும் ஆள் கொண்டுவந்தார்கள்.

நாம் ஆரம்பத்தில் பார்த்த இரண்டு வாக்கியங்களும் இங்கேதான் சந்திக்கின்றன. 'அவன் வந்ததால் வேலை போச்சு', 'நம்ம பசங்க போகமாட்டாங்க' என்று தனித்தனியாகச் சொல்கிறோம். அவை ஒரே சக்கரத்தின் இரண்டு ஆரங்கள். கேள்வி கேட்க முடியாத ஒருவன் கிடைத்ததால் கூலி நின்றுபோனது. கூலி நின்றுபோனதால் கேள்வி கேட்கக்கூடியவன் போய்விட்டான்.

இன்றைய கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டில் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், 2025-இல் 1,700 ரிங்கிட்டுக்கு வந்திருக்கிறது. இது வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் பொருந்தும். 1,700-ஐ 26 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 65 ரிங்கிட் 38 சென். எட்டு மணி நேர வேலை என்றால் மணிக்கு 8 ரிங்கிட் 17 சென். ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 12 ரிங்கிட் 26 சென். ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒருவர் 12 மணி நேரம் நின்றால், சட்டப்படி அவருக்கு அந்த நாளில் ஏறக்குறைய 114 ரிங்கிட் வர வேண்டும். அதோடு உள்ளூர் ஆளுக்கு முதலாளி 13 விழுக்காடு சேமநிதி, சொக்சோ எல்லாம் கட்ட வேண்டும். பெர்மிட் உள்ள வெளிநாட்டவருக்கும் செலவு இருக்கிறது: சேவைத் துறையில் ஆண்டுக்கு 1,850 ரிங்கிட் லெவி, சொக்சோ, தங்குமிடம், 2025 அக்டோபர் முதல் 2 விழுக்காடு சேமநிதி.

பெர்மிட் இல்லாதவருக்கு? அதே 12 மணி நேரத்திற்கு, ஒரு பேச்சுக்கு, 70 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஓவர்டைம் இல்லை, சேமநிதி இல்லை, கையில் வெந்நீர் கொட்டினாலும் சொக்சோ இல்லை. "போதாது" என்று சொன்னால் ஒரு போன் கால் போதும், குடிநுழைவுத் துறை வந்துவிடும். அது அவருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

அதே கடைக்கு நம் பையன் ஒருவன் வேலை கேட்டுப் போகிறான். "பன்னெண்டு மணி நேரம் தம்பி, நாளைக்கு எம்பது வெள்ளி, ஈ.பி.எஃப். எல்லாம் கெடையாது. இஷ்டம்னா நாளைக்கே வா." அவன் மறுத்துவிட்டு வருகிறான். ஊரில் அவனுக்குச் 'சோம்பேறி' என்று பெயர். நான் கேட்கிறேன், இதில் சோம்பேறித்தனம் எங்கே இருக்கிறது? இதே பையன் ஜொகூர் பாருவில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போய் உடல் உழைப்பு வேலை செய்கிறான். இன்னும் சிலர் ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போகிறார்கள். அங்கே விசா முடிந்தும் தங்கிவிடுகிறவர்கள் பட்டியலில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது எந்த நாட்டுக்காரர்கள் தெரியுமா? மலேசியர்கள்தான். நம் ஆட்கள் அங்கே 'பாத்தி'!

சரி, மொத்த நாட்டுக்கு லாபமா நட்டமா? 2015 டிசம்பரில் உலக வங்கி மலேசியாவைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. வெளிநாட்டுத் தொழிலாளர் வரவு 10 விழுக்காடு கூடினால் மலேசியர்களின் சராசரிச் சம்பளம் 0.14 விழுக்காடு உயர்கிறது. ஆனால் மிகக் குறைந்த கல்வி உள்ள மலேசியர்களின் சம்பளம் 0.74 விழுக்காடு குறைகிறது. எல்லோரையும்விட அதிக அடி விழுவது ஏற்கெனவே இங்கே இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மீதுதான். இந்த மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். படித்தவன், மேற்பார்வை செய்கிறவன், கணக்கு எழுதுகிறவன் ஆகியோருக்குக் கொஞ்சம் நன்மை. படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு நட்டம். அதனால்தான் தொலைக்காட்சியில் பேசுகிற பொருளாதார நிபுணர் சொல்வதும், பலகைக் கொட்டகையில் மூட்டை தூக்குகிற நம் அண்ணன் சொல்வதும் ஒத்துப்போவதே இல்லை. சராசரி என்பது இரண்டு பேரையும் கூட்டி வகுத்த எண். நம் சமூகத்தில் இடைநிலைப்பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது சட்டம். பிடிபட்டவர்களை வரிசையாக உட்காரவைத்த படங்கள் செய்தியில் வருகின்றன. குடிநுழைவுச் சட்டம் 1959/63, ஆறாவது பிரிவின்படி அவர்களுக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. இது பலருக்கும் தெரியும். அதே சட்டத்தின் 55B பிரிவு எத்தனை பேருக்குத் தெரியும்? பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்த முதலாளிக்கு ஒவ்வோர் ஆளுக்கும் 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஐந்து பேருக்கு மேல் வைத்திருந்தால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை, பிரம்படியும் சேரலாம். சட்டப் புத்தகத்தில் முதலாளிக்கும் பிரம்பு இருக்கிறது. செய்திப் படத்தில் அவரை அதிகம் பார்க்க முடிவதில்லை.

தொழிலாளர் சட்டம் 1955-இலும் நாம் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டிய மூன்று பிரிவுகள் உண்டு. 60M: வெளிநாட்டவரை வைப்பதற்காக உள்ளூர்த் தொழிலாளியை வேலையைவிட்டு நீக்கக் கூடாது. 60N: ஆட்குறைப்பு என்றால் அதே மாதிரி வேலையில் இருக்கும் வெளிநாட்டவரை முதலில் நிறுத்திய பிறகே உள்ளூர் ஆள் மீது கை வைக்கலாம். 60L: வெளிநாட்டவரோடு ஒப்பிடும்போது எனக்குப் பாகுபாடு காட்டுகிறார்கள் என்று உள்ளூர் ஆள் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். அதே பிரிவில், உள்ளூர் ஆளோடு ஒப்பிடும்போது எனக்குப் பாகுபாடு காட்டுகிறார்கள் என்று வெளிநாட்டவரும் புகார் செய்யலாம். ஒரே பிரிவு, இரண்டு கதவு. எழுதியவர்களுக்கு விஷயம் புரிந்திருக்கிறது: அவன் சம்பளத்தைக் காப்பாற்றாமல் இவன் சம்பளத்தைக் காப்பாற்ற முடியாது.

"எல்லாரையும் புடிச்சு அனுப்பிட்டா முடிஞ்சதுலா" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2011-இல் 6பி, 2016-இல் மறுவேலைத் திட்டம், 2020-இல் ஒன்று, 2023-இல் ஒன்று என்று அனுமதியில்லாதவர்களைப் பதிவு செய்யும் திட்டங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதிவு செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். எல்லைக் காவலும் சோதனையும் வேண்டும்தான். எந்த நாடும் கதவே இல்லாமல் இருக்க முடியாது. ஆனால் பிடித்து அனுப்பிய மறுநாள் அதே இடத்துக்கு அதே கூலியில் இன்னோர் ஆள் வருகிறான் என்றால், இழுப்பது எது என்று பார்க்க வேண்டாமா?

இழுக்கிறவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் பாடத்தை முடித்தால் நியாயமாக இருக்காது. 2018-இல் அப்போதைய மனிதவள அமைச்சர் எம்.குலசேகரன், 2019 ஜனவரியிலிருந்து உணவகங்களில் உள்ளூர்ச் சமையல்காரர்களே இருக்க வேண்டும் என்றபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது; அந்த யோசனை நின்றுபோனது. முடி திருத்தும் நிலையம், நகைத் தொழில், ஜவுளிக் கடை ஆகிய மூன்றுக்கும் 2009 முதல் வெளிநாட்டு ஆள் எடுப்பது முடக்கப்பட்டிருந்தது. நம் வணிகர்கள் பல ஆண்டுகள் கோரிக்கை வைத்த பிறகு, 2023-இல் 7,500 பேருக்கு அனுமதி கிடைத்தது. அவர்களுடைய கஷ்டம் பொய் இல்லை. கத்தரி பிடிக்க ஆள் இல்லாமல் கடையை மூடியவர்கள் உண்டு. முறையாக பெர்மிட் கேட்டு வாதாடியதை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படிக் கேட்காமல், தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலாவாக வந்த பையனைச் சமையல் கட்டில் நிறுத்தி, அவன் பாஸ்போர்ட்டை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்துக்கொண்டு, "நம்ம ஊர்ப் பையன், புள்ள மாதிரி பாத்துக்கறேன்" என்று சொல்கிறவர்கள் வேறு. பிறர் பாஸ்போர்ட்டை அப்படி வைத்துக்கொள்வதே 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறவர் பிள்ளைக்குச் சம்பளச் சீட்டு கொடுக்கட்டும்.

கோயில் நிர்வாகத்தில் இருக்கும் நம் இளைஞர்களுக்கும் ஒன்று. குருக்கள், நாதஸ்வரக் கலைஞர், சிற்பி என்று வெளியிலிருந்து ஆள் தருவிக்கும்போது கோயிலும் ஒரு முதலாளிதான். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, பாஸ் எந்தத் தேதியில் முடிகிறது, ஓய்வு நாள் உண்டா என்று பொதுக்கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கேட்டால் சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

இந்தப் பாடத்தைக் கிளையில் நடத்துகிறவர்கள், முதலில் ஆளுக்கொரு சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெயரை மறைத்துவிட்டு, மேலே போட்ட கணக்கை அதில் போட்டுப் பாருங்கள். சீட்டே இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று பலகையில் எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் சிவப்புக் கார்டு கதையைக் கேட்டு வந்தவர் இருந்தால் அவருக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள்.

கடைசியாக விவாதத்திற்கு ஒன்று. உங்கள் தங்கை வேலை செய்யும் கடையில் சேமநிதி கட்டுவதில்லை, ஓவர்டைம் தருவதில்லை. அவள் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கத் தயாராக இருக்கிறாள். ஆனால் அவளோடு பாத்திரம் கழுவுகிற இந்தோனேசிய அக்காவிடம் பெர்மிட் இல்லை. தங்கைக்கு உடம்பு சரியில்லாதபோதெல்லாம் அவள் வேலையையும் சேர்த்துச் செய்தவர் அந்த அக்கா. அதிகாரிகள் வந்தால் தங்கைக்குப் பாக்கிச் சம்பளம் கிடைக்கும். அக்கா தடுப்பு முகாமுக்குப் போவார். முதலாளிக்கு என்ன ஆகும் என்பது 55B-ஐ யாராவது எடுத்துக் காட்டுகிறார்களா என்பதைப் பொறுத்தது. புகார் கொடுக்கச் சொல்வீர்களா? கொடுத்தால் அதில் என்னென்ன எழுதச் சொல்வீர்கள்? அந்த அக்காவிடம் முன்கூட்டியே பேசுவீர்களா?